ஆறாத தோளுடன் வீதிக்குத் திரும்பும் மோட்டார் சைக்கிளோட்டிகள்

வீதி விபத்துகள் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் உயிரிழந்தோரின் எண்ணிக்கையையே முதலில் கேட்கின்றோம். ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இலங்கையின் வீதிகளில் பலியாகி வருகின்றனர். அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் மோட்டார் சைக்கிளில் பயணித்தவர்கள் என்பதும் அனைவரும் அறிந்ததே. ஆனால், உயிர் தப்பியவர்களுக்குப் பின்னர் என்ன நடக்கின்றது என்பதை எவரும் கேட்பதில்லை. பொலிஸாரின் புள்ளிவிபரங்கள் விபத்துகளை உயிரிழப்பு, பாரிய காயம், சிறு காயம், சொத்துச் சேதம் என்று வகைப்படுத்துவதோடு நின்றுவிடுகின்றன. அந்தக் காயம் எத்தனை மாதங்கள் நீடித்தது, காயமடைந்தவர் எப்போது தொழிலுக்குத் திரும்பினார், அவ்வாறு திரும்பியபோது அவரது உடல் அதற்குத் தயாராக இருந்ததா என்பன எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

இந்தக் கேள்விகளை எழுப்புவதற்குத் தோள்பட்டைக் காயத்தைப் போன்று பொருத்தமான உதாரணம் வேறில்லை. மோட்டார் சைக்கிளில் இருந்து விழுபவர் பெரும்பாலும் கையை ஊன்றியபடியோ தோள் நிலத்தில் மோதும் வகையிலோ விழுகின்றார். காறை எலும்பு முறிகின்றது. அல்லது மூட்டு விலகுகின்றது. அல்லது தோளைச் சுழற்றும் தசைநார்கள் கிழிகின்றன. கடுமையான விபத்துகளில் கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதி இழுபட்டு, கை முழுவதுமே செயலிழந்துவிடுவதும் உண்டு. தலைக்கவசம் தலையைக் காப்பாற்றும். தோளைக் காப்பாற்றுவதற்கு நமது சைக்கிளோட்டிகளிடம் எதுவும் இல்லை.

இவற்றுள் எலும்பு முறிவு எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடும். தசைநார் கிழிவு அவ்வாறு தெரிவதில்லை. "எலும்பு உடையவில்லை" என்ற ஒரு வார்த்தையுடன் வீடு திரும்புபவர், தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பிவிடுகின்றார். வீதியில் படிந்த மணலில் வழுக்கியோ, குறுக்கே பாய்ந்த நாயில் மோதியோ விழுந்தவர்கள் பொலிஸ் நிலையத்துக்கோ வைத்தியசாலைக்கோ செல்லாமல், முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் பூசிக் கட்டுப் போட்டுக்கொள்வதும் நமது கிராமங்களில் வழமை. ஆகவே, தோளில் காயத்துடன் வீதியில் ஓடுபவர்களின் உண்மையான தொகை எவருக்கும் தெரியாத ஒன்றாகவே இருந்து வருகின்றது.

இதனால் என்ன ஆபத்து என்று கேட்கக்கூடும். மோட்டார் சைக்கிளைக் கால்கள் தாங்கினாலும் அதனை ஆளுபவை கைகளே. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வலக் கை. வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கினை வழங்கும் முன் பிரேக்கும் அதே வலக் கையில்தான் உள்ளது. கிளச்சைப் பிடிப்பது இடக் கை. ஸ்கூட்டர்களில் பின் பிரேக்கும் இடக் கைக்கே உரியது. திடீரெனப் பிரேக் பிடிக்கும்போது செலுத்துபவரின் உடற்பாரம் முழுவதும் முன்னோக்கித் தள்ளப்பட்டு, இரு தோள்களிலும் வந்து இறங்குகின்றது. குழியில் சில்லு விழும்போதும் அந்த அதிர்ச்சியை முதலில் வாங்குவது தோளே. பின்னால் வரும் வாகனத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கும், நின்ற நிலையில் சரியும் வண்டியைத் தாங்கிப் பிடிப்பதற்கும் தோளின் பலம் வேண்டும்.

நேரான வீதியில், நிதானமான வேகத்தில் செல்லும்போது காயமடைந்த தோள் ஒத்துழைக்கவே செய்யும். அதனால் ஏற்படும் நம்பிக்கைதான் ஆபத்தானது. பிள்ளையொன்று குறுக்கே ஓடிவரும் அந்த ஒரு கணத்தில், வலியினால் கை அரைக் கணம் தாமதித்தாலும் விளைவு வேறாகிவிடும். அப்போது பாதிக்கப்படுவது செலுத்துபவர் மட்டுமல்ல. வலி நிவாரணி மாத்திரைகளில் சில மயக்கத்தையும் தூக்கத்தையும் தருபவை என்பதையும் இங்கு சேர்த்து நோக்க வேண்டும்.

உடல் ஆறுவதற்கு ஒரு கால அட்டவணை உண்டு. வளர்ந்தவர்களின் காறை எலும்பு பொருந்துவதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் செல்லும். கிழிந்த தசைநாரைச் சத்திரசிகிச்சை மூலம் தைத்தவர் 4 முதல் 6 வாரங்கள் வரை கையைத் தொங்குகட்டில் வைத்திருக்க வேண்டும். அதன் பின்னரே படிப்படியான பயிற்சி. பாரமான வேலைகளுக்குத் திரும்ப 4 முதல் 6 மாதங்கள் ஆகலாம். இளவயதில் ஒருமுறை தோள் மூட்டு விலகியவருக்கு அது மீண்டும் விலகும் வாய்ப்பு அதிகம். இந்த அட்டவணையைப் பணத்தாலோ மன உறுதியாலோ பெரிதாகச் சுருக்கிவிட முடியாது.

உலகின் முன்னணி மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களின் அனுபவமும் இதனையே கூறுகின்றது. 2013 ஜூனில் நெதர்லாந்தின் அசென் பந்தயத் திடலில் விழுந்து இடது காறை எலும்பு முறிந்த ஸ்பெயின் வீரர் ஜோர்ஜ் லொரென்சோ, உடனடியாகப் பார்சிலோனாவுக்குச் சென்று சத்திரசிகிச்சை செய்துகொண்டு, இரண்டே நாட்களில் திரும்பி வந்து பந்தயத்தில் ஐந்தாமிடம் பெற்றார். உலகம் வியந்தது. ஆனால், அடுத்த பந்தயத்துக்கான பயிற்சியில் அவர் மீண்டும் விழுந்தார். எலும்பில் பொருத்திய தகடு வளைந்தது. அப்பந்தயத்தை இழந்து மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அந்த ஆண்டின் சம்பியன் பட்டத்தை அவர் 4 புள்ளிகளால் தவறவிட்டார்.

அவரை முந்திப் பட்டம் வென்ற மார்க் மார்க்கேஸின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 2020 ஜூலை 19ஆம் திகதி ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் அவரது வலது மேற்கை எலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களுக்குள்ளேயே மீண்டும் பந்தய வண்டியில் ஏறிப் பார்த்தார், இயலாமல் விலகினார். ஒகஸ்ட் ஆரம்பத்தில் தகடு சேதமடைந்து இரண்டாவது சத்திரசிகிச்சை, டிசம்பரில் மூன்றாவது, 2022இல் நான்காவது. 2019இல் பட்டம் வென்றவர் அடுத்த பட்டத்தை 2025இலேயே பெற முடிந்தது. அதே 2025 ஒக்டோபரில், இந்தோனேசியாவில் இன்னொரு வீரருடன் மோதி வலது தோளில் காயமடைந்தபோது, அப்பருவத்தின் எஞ்சிய பந்தயங்கள் எதிலும் அவர் பங்குபற்றவில்லை.

தனி விமானமும் தலைசிறந்த வைத்தியர்களும் உள்ளவர்களே அவசரத்துக்கு இத்தகைய விலை கொடுத்திருக்கின்றார்கள். ஆனால், அவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. காத்திருக்க வேண்டும் என்று தீர்மானித்தால் அவர்களால் காத்திருக்க முடியும். நமது நாட்டின் மோட்டார் சைக்கிளோட்டிக்கு அந்த வசதி கிடையாது. பிரச்சினையின் மையம் இதுவே.

இலங்கையில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அவை உல்லாசத்துக்காக வாங்கப்பட்டவை அல்ல. அதிகாலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து ஊர் ஊராக விற்பவருக்கும், மேசன் வேலைக்குச் செல்பவருக்கும், பஸ் செல்லாத கிராமத்துப் பாடசாலைக்குக் கற்பிக்கச் செல்லும் ஆசிரியைக்கும், வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளைப் பார்வையிடும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் அதுவே கால். அண்மைய ஆண்டுகளில் நகரங்களில் கைத்தொலைபேசிச் செயலிகளின் கட்டளைப்படி உணவு விநியோகிக்கும் இளைஞர் கூட்டமும் இவர்களுடன் சேர்ந்துள்ளது. 2022இன் எரிபொருள் நெருக்கடியின்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று கியூஆர் முறையில் பங்கிடப்பட்ட பெற்றோலை நம்பி எத்தனை குடும்பங்கள் சீவித்தன என்பதை நாம் மறந்துவிடவில்லை.

இத்தகைய ஒருவரிடம் வைத்தியர் "மூன்று மாதங்கள் வண்டி ஓட்டாதீர்கள்" என்று கூறுகின்றார். வைத்திய நோக்கில் அது சரியான ஆலோசனை. ஆனால் நாட்கூலி பெறுபவரின் செவியில் அது மூன்று மாதம் உண்ணாதிருங்கள் என்பதாகவே ஒலிக்கும். நுண்கடனின் வாராந்தத் தவணையும், குத்தகைக்கு எடுத்த அதே மோட்டார் சைக்கிளின் மாதத் தவணையும் தோள் ஆறும்வரை காத்திருக்கப் போவதில்லை. ஆகவே அவர் மூன்றாவது வாரத்திலேயே தொங்குகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் ஏறுகின்றார். இதனை அறியாமை என்று கண்டிப்பது எளிது. உண்மையில் அது வேறு வழியின்மையே ஆகும்.

அவருக்குப் பாதுகாப்பளிக்க வேண்டிய ஏற்பாடுகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பெயருக்கேற்ப, பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கே உரியது. தானாக விழுந்த சைக்கிளோட்டியின் காயத்துக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழில்தருநர் ஒருவரின் கீழ் வேலை செய்பவரையே கருத்திற் கொள்கின்றது. மீன் வியாபாரிக்குத் தொழில்தருநர் இல்லை, விநியோக இளைஞரோ சுயாதீன ஒப்பந்தக்காரராகவே நடத்தப்படுகின்றார். 1958இல் உருவான ஊழியர் சேமலாப நிதியும், 1980இல் உருவான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும் இதே காரணத்தினால் அவர்களில் பெரும்பாலானோரை எட்டுவதில்லை. நமது சமூகப் பாதுகாப்புச் சட்டங்கள் மாதச் சம்பளம் பெறுபவரை மனதிற் கொண்டு எழுதப்பட்டவை. வீதியில் ஓடுபவர்களில் பெரும் பகுதியினர் அந்த வகுப்பைச் சேர்ந்தவர்கள் அல்லர்.

சாரதி அனுமதிப்பத்திர முறையிலும் ஓர் இடைவெளி உண்டு. தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழைப் பெற்றே அனுமதிப்பத்திரம் வழங்கப்படுகின்றது. சிறிய ரக வாகனங்களுக்கான அனுமதிப்பத்திரம் 8 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். இரண்டாம் ஆண்டில் தோள் முறிந்தவரின் உடற்றகுதியை அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு எவரும் வினவப் போவதில்லை. எனினும், இதற்குத் தீர்வாகக் காயமடைந்தோரின் அனுமதிப்பத்திரத்தைத் தற்காலிகமாகப் பறிக்க வேண்டும் என்று எவரேனும் யோசனை கூறினால், அது நன்மையை விடத் தீமையையே விளைவிக்கும். காயத்தை மறைப்பதும், வைத்தியசாலையைத் தவிர்ப்பதும், அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுவதுமே அதன் விளைவாக இருக்கும்.

வடக்கு, கிழக்கைப் பொறுத்தவரை இப்பிரச்சினைக்கு மேலும் ஒரு முகம் உண்டு. 2009இல் முடிவடைந்த யுத்தம் பலரின் தோள்களிலும் கைகளிலும் ஷெல் துண்டுகளையும் ஆறாத தழும்புகளையும் விட்டுச் சென்றுள்ளது. பலம் குன்றிய கையுடனேயே பிழைப்புக்காக வண்டி ஓட்டும் இவர்களுக்கு, விழுந்தெழும் ஒவ்வொரு தடவையும் முன்னைய காயத்தின் மேல் புதிய காயமாகின்றது. இயன் மருத்துவ சிகிச்சை இலவசமாகக் கிடைப்பது உண்மையே. ஆனால் முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றிலிருந்து விசேட சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வருபவர், ஒரு நாள் கூலியை இழந்து, சுமார் 100 கிலோமீற்றர் பயணிக்க வேண்டியுள்ளது. அவர் எத்தனை வாரங்களுக்கு அவ்வாறு வருவார்? இதில் வேதனை யாதெனில், பஸ் வசதியற்ற இடத்திலிருந்து சிகிச்சைக்கு வருவதற்கும் அவர் அதே மோட்டார் சைக்கிளையே நம்ப வேண்டியிருப்பதாகும்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும் நோயாளிக்கு எப்போது வண்டி ஓட்டலாம் என்பதை அவரது தாய்மொழியில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு ஏற்படாது. நிறுத்திய வண்டியில் அமர்ந்து, கைபிடியை இரு புறமும் முழுமையாகத் திருப்பவும், இரு நெம்புகளையும் இறுக அழுத்தவும், திரும்பிப் பின்னால் பார்க்கவும், சரியும் வண்டியைத் தாங்கவும் வலியின்றி இயலுமா என்று பரீட்சித்துப் பார்க்குமாறு அதிலேயே கூறலாம். இவற்றில் ஒன்றேனும் இயலாதவர் வீதிக்கு வரத் தயாராகவில்லை என்பதே பொருள். வைத்தியரின் அனுமதிக்கு இது மாற்றீடு அல்ல, துணையே.

இரண்டாவதாக, மூன்றாம் தரப்புக் காப்புறுதியுடன் செலுத்துபவருக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதியையும் ஒரு சிறு மேலதிகக் கட்டணத்துடன் இணைப்பது குறித்து அரசாங்கம் ஆராய வேண்டும். தோள் ஆறும் மாதங்களில் ஒரு குறைந்தபட்சத் தொகையேனும் கிடைத்தால், மூன்றாவது வாரத்தில் தொங்குகட்டைக் கழற்றும் நிர்ப்பந்தம் குறையும். மூன்றாவதாக, செயலி வழி விநியோக நிறுவனங்கள் தமது சவாரியாளர்களின் காயங்களுக்குப் பொறுப்பேற்கும் வகையில் தொழிற்சட்டங்கள் திருத்தப்பட வேண்டும். நான்காவதாக, இயன் மருத்துவ சேவை ஆதார வைத்தியசாலைகளைத் தாண்டிப் பிரதேச வைத்தியசாலைகளுக்கும், வாரத்தில் ஒரு நாளேனும், விரிவுபடுத்தப்படுதல் அவசியம்.

இவை பெரும் நிதியைக் கோரும் திட்டங்களா என்ற கேள்வி எழலாம். மீண்டும் விழுந்தவருக்கு மீண்டும் சத்திரசிகிச்சை செய்வதும், உழைக்கும் ஒருவர் நிரந்தரமாகக் கை இழப்பதும் இலவச சுகாதார சேவைக்கும் குடும்பங்களுக்கும் ஏற்படுத்தும் செலவோடு ஒப்பிட்டே இதற்குப் பதில் காண வேண்டும்.

குடும்பங்களுக்கும் ஒரு கடமையுண்டு. தோளில் கட்டுடன் தந்தையோ மகனோ வண்டிச் சாவியை எடுக்கும்போது, "இன்னும் சில நாட்கள் பொறுங்கள்" என்று சொல்வதோடு, அந்தச் சில நாட்களைச் சமாளிப்பதற்கு உறவினரும் அயலவரும் கைகொடுப்பது நமது சமூகத்துக்குப் புதியதல்ல. ஆயினும், அயலவரின் நல்ல மனதில் மட்டும் ஒரு நாட்டின் வீதிப் பாதுகாப்பு தங்கியிருக்க முடியாது. ஓய்வெடுக்குமாறு கூறும் அரசு, அந்த ஓய்வைச் சாத்தியமாக்கவும் வேண்டும். அதுவரையில் ஆறாத தோள்களுடன் அதிகாலையில் வீதியில் இறங்குவோரைக் குறைகூறும் தகுதி நம்மில் எவருக்கும் இல்லை.