வெண்ணிற நாயும் நம் வெயிலும்

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்துத் தேர் வீதிகளிலும், வாயிற்கதவின் பின்னே நின்று குரைக்கும் வெள்ளை நாயை நாம் கண்டிருப்போம். கூரிய முகம், நிமிர்ந்த செவி, முதுகின்மேல் சுருண்ட வால். அதனைப் 'பொமரேனியன்' என்று அழைக்கிறோம். ஆனால் நம் வீடுகளில் வளர்வன பெரும்பாலும் இந்திய ஸ்பிட்ஸ் நாய்களே. ஆங்கிலேயர் ஆட்சியில் இங்கு வந்த ஜெர்மானிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழிவந்தவை அவை. பின்லாந்து, நார்வே ஆகிய பனிநாடுகளின் ஸ்பிட்ஸ் நாய்களும் அவற்றுக்கு உறவே.

குலத்தை அறிந்தால் குணம் விளங்கும். பின்லாந்து ஸ்பிட்ஸ், பறவை அமர்ந்த மரத்தடியில் நின்று ஓயாமல் குரைத்து வேடனை அழைக்கும். ஆகவே குரைப்பது இவ்வினத்தின் பிறவிக் குணம். அடியால் அது அடங்காது. வீட்டாரோடு ஒட்டி வாழ விரும்பும் இந்நாயைத் தனியே கட்டிப்போட்டால் குரைப்பு மிகும். காலையும் மாலையும் நடை, சிறிது விளையாட்டு, அமைதியாயிருக்கையில் ஓர் அன்புச் சொல், இவையே மருந்து.

இதன் உரோமம் ஈரடுக்கானது: உள்ளே மென்பஞ்சு, வெளியே நீண்ட மயிர். கோடையில் இரக்கப்பட்டு மொட்டையடிப்போர் உளர். அது தவறு. வெளிமயிர் வெயிலைத் தடுக்கும் குடையுமாகும். மழித்தால் தோல் வெந்துபோகும். நாள்தோறும் சீவி, உதிர்ந்த மயிரை நீக்கினாலே காற்று உட்புகும். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே வெப்பம் தணிக்கும். எனவே மே மாத நண்பகலில் மொட்டைமாடியில் கட்டுதல் கொடுமை. நிழலும் தண்ணீரும் என்றும் வேண்டும். மயங்கித் தள்ளாடினால் உடலை நீரால் நனைத்து, விசிறி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் அடிமயிர்வரை துவட்டுக. ஈரம் தங்கினால் தோற்புண் வரும்.

குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி இடுவித்து, மருத்துவர் குறித்தபடி ஆண்டுதோறும் தொடர்க. நாய் கடித்தால், நம் வீட்டு நாயேயாயினும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவமனை செல்க. மஞ்சளும் சுண்ணாம்பும் அப்புதல் ஆகாது.

இந்திய ஸ்பிட்ஸ் பல தலைமுறைகளாக இம்மண்ணில் பழகியது. அதற்கே இத்துணைக் கவனம் வேண்டுமெனில், சைபீரிய ஹஸ்கியைக் கடலோர வெக்கைக்குக் கொணர்வோர் இருமுறை எண்ண வேண்டும். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று வாங்குவது எளிது. 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது. விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் அதற்குத் தண்ணீர் வைப்பவர் யார் என்பதை முதலில் முடிவுசெய்து, பின்னர் குட்டியை வீட்டுக்கு அழைத்து வருவோம்.