பவளத்தைப் பெயர்த்தெடுப்பதா அறிவியல்?

ஆசிரியப் பெருமக்களும் பெற்றோர்களும் இப்பதிவைச் சற்றுப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். சிலருக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகள் சிலவற்றில் வெண்மையான பவளத் துண்டுகளை மேசைமீது பரப்பி, ஒவ்வொன்றின் கீழும் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருப்பதைக் கண்டு வருகிறேன். தீவுக்குச் சென்றபோது மாணவர்களே கடலில் இறங்கித் திரட்டி வகைப்படுத்தியவை என்று பெருமையோடு சொல்கிறார்கள். பெற்றோர் படம் பிடிக்கிறார்கள். நடுவர்கள் புள்ளி வழங்குகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?

அறிவியல் செயற்பாங்குத் திறன்களுள் முதலாவது உற்றறிதல். அதன் பின்னரே வகைப்படுத்துதல். பயிற்சிக் கல்லூரியில் நாம் அனைவரும் படித்த பாடம் இது. அந்த மேசையோ உற்றறியாமலே வகைப்படுத்தியதன் விளைவு. அது மாணவனுக்குக் கற்பிப்பவை இரண்டு, இரண்டும் பிழை.

முதலாவது, பவளம் கல் என்பது. 'பவளப்பாறை' என்னும் சொல்லே அவனைப் பாதி ஏமாற்றிவிடுகிறது. பவளம் ஓர் உயிர். ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. நாம் கல் என்று நினைப்பது அவை சுரந்த சுண்ணாம்புக்கூடு. நவமணிகளுள் ஒன்றாக நாம் மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் எட்டுக் கைகள் கொண்ட வேறொரு பிரிவைச் சேர்ந்தது. திட்டுகளைக் கட்டும் கற்பவளங்களுக்குக் கைகள் ஆறின் மடங்காக இருக்கும். மாணவன் அறிய வேண்டிய முதல் வகைப்பாடு இதுவே. உலர்ந்த துண்டில் அந்தக் கைகளை எப்படிக் காட்டுவீர்கள்?

இரண்டாவது, பவளம் வெண்மையானது என்பது. உயிருள்ள பவளம் பழுப்பு, பச்சை, ஊதா எனப் பல நிறங்களில் இருக்கும். அதன் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகளே பெரும்பாலும் அந்த நிறத்தைத் தருகின்றன. உணவில் பெரும்பங்கையும் அவையே தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறும்போது பவளம் அப்பாசிகளை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. 1998, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்பெருங்கேடு நம் வட்டாரக் கடலையும் தாக்கியது. 2010இல் தியோமான், ரெடாங், பாயார் தீவுகளில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றை அரசு தற்காலிகமாக மூடவும் நேர்ந்தது. வெண்மை அழகு என்று கற்ற மாணவன், நாளை வெளுத்த கடலடியைக் கண்டாலும் அழகு என்றுதானே சொல்வான்?

"ஆய்வாளர்கள் மட்டும் வெட்டி எடுக்கலாமா?" என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, மழுப்பாமல் விடை சொல்வோம். ஆம், அவர்கள் எடுக்கிறார்கள். எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரே இனப் பவளம் அலை மோதும் இடத்தில் குட்டையாகத் தடித்தும், ஒளி குறைந்த ஆழத்தில் தட்டையாக விரிந்தும் வளரக்கூடும். முக்குளிக்கும் வசதி இல்லாத காலத்தில், அருங்காட்சியகக் கூடுகளை மட்டுமே பார்த்த அறிஞர்கள் ஒரே இனத்துக்குப் பல பெயர்களைச் சூட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலிய அறிஞர் சார்லி வெரோன் போன்றோர் ஆண்டுக்கணக்கில் கடலுக்குள் இறங்கி, உயிருள்ள பவளத்தை அதன் இடத்திலேயே கண்ட பிறகுதான் அக்குழப்பம் பெருமளவு தெளிந்தது.

இன்றைய ஆய்வாளர் எழுத்துவழி இசைவு பெற்று இறங்குகிறார். முதலில் படம் எடுக்கிறார். ஆழத்தையும் இடத்தையும் குறிக்கிறார். பின்னர்ச் சிறு துண்டு ஒன்றைப் பெயர்த்து எண்ணிடுகிறார். மரபணு ஆய்வுக்கு ஒரு சிறு பகுதியைச் சாராயத்தில் இடுகிறார். எஞ்சியதன் திசுவை நீக்கிக் கூட்டை நுண்ணோக்கியில் அளக்கிறார். இறுதியில் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கிறார். 2012இல் நம் கடற்பகுதிப் பவளங்கள் பலவற்றின் பேரினப் பெயரே 'ஃபேவியா'விலிருந்து 'டிப்சாஸ்ட்ரேயா' என்று மாறியது. இப்படிப் பழையதைத் திரும்பப் பார்த்துத் திருத்த முடிவது, ஒப்படைத்த சான்றுகள் இருப்பதால்தான். நம் கண்காட்சித் துண்டுக்கு இடமும் இல்லை, ஆழமும் இல்லை, எண்ணும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் அது செல்லும் இடம் குப்பைத்தொட்டி!

"ஒரு சிறு துண்டுதானே?" என்னும் பெற்றோருக்கும் ஒரு சொல். உருண்டையாய் வளரும் கற்பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒன்று உங்கள் பிள்ளையைவிட மூத்ததாக இருக்கலாம். செத்து ஒதுங்கியதைத்தான் எடுத்தோம் என்பதும் பொருந்தாது. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி, கடல் பூங்காவில் எழுத்துவழி இசைவின்றிப் பவளத்தைத் திரட்டுவதோ வைத்திருப்பதோ குற்றம். சட்டத்தை மீறியதற்கு நற்சான்றிதழ் வழங்கும் ஆசிரியர்களாக நாம் இருக்கலாமா?

இனி, மாற்று வழி என்ன? பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலருக்குக் கடலைக் கண்ணால் காண்பதே அரிது. ஆகவே அந்த ஒரு நாளை வீணடிக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

1. பயணத்துக்கு முன், பள்ளித் திடலில் 20 மீட்டர் அளவுநாடாவை விரியுங்கள். அரை மீட்டருக்கு ஒரு புள்ளி. ஆக 40 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் கீழும் புல்லா, மண்ணா, கல்லா, சருகா என்று எழுதி விழுக்காடு காணச் செய்யுங்கள். ரீஃப் செக் மலேசியாவின் தன்னார்வலர்கள் கடலடியில் நான்கு 20 மீட்டர் பகுதிகளில் செய்வதும் இதே முறைதான். அவர்கள் எதையும் பெயர்த்தெடுப்பதில்லை.

2. கடலில், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடும் மிதவைச் சட்டையோடும் மாணவர்கள் மேலிருந்து பார்க்கட்டும். பவளத்தின்மேல் எவரும் நிற்கலாகாது.

3. இலத்தீன் பெயர் வேண்டாம். கிளை, உருண்டை, தட்டு, படலம், காளான் என வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தட்டும். நிறத்தையும் குறிக்கட்டும். வரைந்து வரட்டும்.

4. கண்காட்சியில் அந்த ஓவியங்களையும் எண்களையும் வையுங்கள். 'இதை எங்கே கண்டாய்? எப்படித் தெரியும்?' என்று நடுவர்கள் கேட்கட்டும்.

நடுவர் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு என் இறுதி வேண்டுகோள்: பவளத் துண்டு இருக்கும் மேசைக்குப் புள்ளி வழங்காதீர்கள். புள்ளி நின்றால் பறிப்பும் நின்றுவிடும். பிள்ளைகள் மீது பழியில்லை; நாம் எதைப் பாராட்டுகிறோமோ அதையே அவர்கள் செய்கிறார்கள்.

சிந்திப்போம், மாற்றுவோம்!