கவாத்துக் கத்தி பழைய இரும்பல்ல

குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து லயங்களில் பரணைத் துழாவினால் பழைய கவாத்துக் கத்தியோ, தேய்ந்த மம்பட்டியோ அகப்படும். தாத்தன், அப்பன் இலங்கையிலிருந்து தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தது. இதைக் கேட்டு இரண்டு பேர் வருகிறார்கள். ஒருத்தர் பழைய இரும்புக்கு எடை போடுகிறவர். இன்னொருத்தர் ரிசார்ட் சுவரில் மாட்ட 'ஆன்டிக்' தேடுகிறவர். ரெண்டு பேருக்கும் குடுக்காதீங்க.

'அடிமை வேலை செஞ்ச கத்தி நமக்கெதுக்கு?' என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். பறையைத் தூக்கி எறிவதா, கையில் எடுப்பதா என்று நமக்குள் நடந்த அதே வழக்குதான் இது. கத்தியைக் கும்பிடுவதற்காக வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. கணக்குக் கேட்பதற்காகச் சொல்கிறோம்.

என்ன கணக்கு? 1948-ல் இலங்கை அரசு தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பகுதி பறையரும் பள்ளரும் சக்கிலியரும். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கி வந்தவர்களில் பல குடும்பங்கள் இந்த மலைக்கு ஏறின. அவர்களுக்கு வேலை தரவென்று 1968-ல் அரசு போட்ட தேயிலைத் தோட்டம்தான் பிறகு 'டான்டீ' ஆனது. 2022-ல் நட்டக் கணக்குக் காட்டி, அதில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிவிட உத்தரவு வந்தது. அந்த நட்டக் கணக்கில் கத்தி பிடித்த கையின் தேய்மானத்தை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

கையிலிருக்கும் சாமானை முதலில் அடையாளம் காணுங்கள். மம்பட்டியில் முதலை முத்திரை இருந்தால் அது இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் இருந்த சில்லிங்டன் கம்பெனியின் பேர்பெற்ற மார்க். பின்னால் மற்றவர்களும் முதலையைப் போட்டதால், பக்கத்திலுள்ள எழுத்தையும் படியுங்கள். முத்திரையே இல்லாத கத்தி கொல்லன் பட்டறையில் அடித்ததாக இருக்கலாம். வியாபாரி இங்கிலீஷ் முத்திரைக்குத்தான் விலை சொல்வான். நாம் பார்க்க வேண்டியது பிடியை. கட்டை விரல் அழுத்திய பள்ளம் அதில் இருக்கும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை செடியைக் குறைத்து வெட்டும் கவாத்தில், ஒவ்வொரு வாதையும் சாய்வாகச் சீவிய கையின் கையெழுத்து அது.

அதனால் பிடியை மாற்றாதீர்கள். சாணை பிடிக்காதீர்கள். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்த்தால் முத்திரையை அரித்துவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மேல்துருவை மட்டும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். இந்த மலையின் மூடுபனியில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் ஈரம் உள்ளேயே நின்று இரும்பைத் தின்னும். பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஆயுத பூஜைக்கு ஈரச் சந்தனம், குங்குமம் அப்புவதையும் விடுங்கள். இரும்புக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூட ஒரு தாள். யார் கத்தி, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த வருஷம் கப்பலேறியது என்று பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். தாளில்லாத கத்தி ரிசார்ட் சுவருக்குத்தான் போகும்.

இலங்கையில் கம்பளைக்குப் பக்கத்தில், பழைய லயத்திலேயே, 2007-ல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே தொழிலாளி புழங்கிய சாமான்களே காட்சிப் பொருள். ஊட்டியில், தொட்டபெட்டா சாலையில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்தில் இலை தூளாகும் கதையைப் பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்புகிறார்கள். இலையைப் பறித்தவர்களுக்கு என்று நீலகிரியில் ஓர் அறையாவது வேண்டும். அரசு தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லயத்துக்கு ஒரு நோட்டு, ஒரு மரப்பெட்டி, சாவி நம்ம சங்கத்துக்கிட்ட. இந்த மாதமே தொடங்கலாம்.