கனவான் பத்திரிகையின் நயவார்த்தை

பத்திரிகைகளிலும் மேல்ஜாதி கீழ்ஜாதி உண்டு. சின்னத் தாளில் கொட்டை எழுத்தில் கொலையையும் கூத்தையும் போடுவது கீழ்ஜாதி. அகன்ற பெரிய தாளில், பொடி எழுத்தில், சத்தம் போடாமல் பேசுவது மேல்ஜாதி. முன்னதை வாங்குகிறவன் பரபரப்புக்காக வாங்குகிறான். பின்னதை வாங்குகிறவனோ, தான் படித்தவன், நிதானஸ்தன், எப்பக்கமும் சாயாதவன் என்கின்ற எண்ணத்தையும் சேர்த்தே வாங்குகிறான். ஆகவே, கூச்சல் போட்டு ஏய்ப்பவனைவிட மரியாதையாய்ப் பேசி ஏய்ப்பவனிடந்தான் அதிக ஜாக்கிரதை வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

உதாரணமாக, அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுவோம். அச்சிடத் தகுந்த செய்திகள் அனைத்தும் தன்னிடம் உண்டு என்று 1897 முதல் முதற்பக்கத்திலேயே சொல்லிவரும் பத்திரிகை அது.

2001 செப்டம்பருக்குப் பிறகு அமெரிக்காவின் சி.ஐ.ஏ. உளவு இலாகாவினர் தாங்கள் பிடித்த கைதிகளில் சிலரைச் சாய்வான பலகையில் கட்டி, முகத்தில் துணியைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, மூச்சுத் திணறவைத்து விசாரித்தார்கள். ஒரு கைதிக்கு 2003 மார்ச்சு மாதத்தில் மாத்திரம் 183 தடவை இப்படிச் செய்ததாக, 2009ல் வெளிவந்த அந்த சர்க்காரின் சொந்தக் காகிதமே சொல்லுகிறது.

இதற்குப் பெயர் என்ன? இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பானியர் செய்த தண்ணீர் வதையை 1948ல் டோக்கியோ யுத்தக் குற்ற நீதிமன்றம் சித்திரவதை என்றே தீர்ப்பில் எழுதிற்று. அந்த நீதிபதிகளில் அமெரிக்கரும் ஒருவர்.

இனி பத்திரிகையின் கணக்கைப் பாருங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்கள் 2010ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1930களிலிருந்து 1999 வரை நியூயார்க் டைம்ஸ் இத்தண்ணீர் வதையைப்பற்றி எழுதிய 54 கட்டுரைகளில் 44ல் அதைச் சித்திரவதை என்றது. 2002 முதல் 2008 வரை எழுதிய 143 கட்டுரைகளிலோ 2ல் மாத்திரந்தான் அப்படிச் சொல்லிற்று. தண்ணீர் மாறவில்லை, துணி மாறவில்லை, மூச்சுத் திணறல் மாறவில்லை. ஊற்றிய கை மாத்திரமே மாறிற்று! உடனே சித்திரவதை என்பது “கடுமையான விசாரணை முறை” ஆகிவிட்டது.

இதற்குப் பத்திரிகை சொன்ன சமாதானமென்ன? அது சித்திரவதை அல்லவென்று சர்க்கார் அதிகாரிகள் வாதிக்கிறார்களாம். அந்தச் சொல்லைப் போட்டால் அரசியல் தகராறில் ஒரு பக்கம் சேர்ந்ததாகுமாம். நன்று! அடித்தவன் “புத்தி சொன்னேன்” என்கிறான். அடிபட்டவன் “அடித்தான்” என்கிறான். நடுநிலைக்காரர் வந்து “கடுமையாய்ப் புத்தி சொன்னான்” என்று எழுதினால், அது யார் பக்கம் என்று கேட்கின்றோம்.

சித்திரவதை என்றால் வதைத்தவன் ஒருவனும் வதைபட்டவன் ஒருவனும் கண்முன் வந்து நிற்பார்கள். “விசாரணை முறை” என்றாலோ மேஜையும் நாற்காலியும் காகிதமுந்தான் தோன்றும். காலைக் காப்பியோடு பத்திரிகை படிக்கும் கனவானின் மனத்துக்குச் சங்கடமில்லை. தன் தேசம் நல்ல தேசம் என்ற நம்பிக்கைக்கும் பங்கமில்லை. அவரைப் பிடித்துவைக்கும் தூண்டில் இதுவேயாகும்.

அப்பத்திரிகையின் நிருபர்களே இவ்விஷயத்தில் பல இரகசியங்களை வெளிப்படுத்தினார்கள் என்பதை நாம் மறைக்கவில்லை. செய்தியை மறைக்காமலே செய்தியின் உறைப்பை எடுத்துவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? ஜனாதிபதி ஒபாமாவே 2009ல் அது சித்திரவதைதான் என்று பகிரங்கமாய்ச் சொன்ன பிறகும், பத்திரிகை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள 2014 ஆகஸ்டு வரை 5 வருஷம் ஆயிற்று.

வாசகர்களே! அச்சில் வந்ததாலேயே ஒரு சொல் உண்மையாகிவிடாது. அடக்கமாய் வந்ததாலேயே அது நியாயமாகியும் விடாது. எந்தப் பத்திரிகையானாலும் சரி, செய்தியைப் படிக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். செய்தவன் பெயரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அவனுடைய எதிரியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பத்திரிகை இதே வார்த்தையைத்தான் போட்டிருக்குமா என்று யோசியுங்கள். போட்டிருக்காது என்று உங்கள் அறிவுக்குப் பட்டால், அந்த வார்த்தையை நம்பாதீர்கள். அதை எழுதிய பத்திரிகை எவ்வளவு பெரிய தாளில் வந்தாலும் நம்பாதீர்கள்.