வரம்பு அவநம்பிக்கை அன்று

வீட்டு வரவு செலவைப் பற்றி இப்பகுதியில் பலமுறை ஆராய்ந்துள்ளோம். இத்திங்கள், நம்மவர் பலர் தொழில் நிமித்தம் கையாளும் பிறர் பணத்தைப் பற்றிச் சில சொற்கள்.

வாளையாறு வழியே பாலக்காட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளையும், போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளில் இடுக்கிக்குக் காய்கறி கொண்டு செல்லும் வண்டிகளையும் ஓட்டுவோருள் தமிழர் பலர். முன்னெல்லாம் புறப்படும்போது முதலாளி வழிச்செலவுக்கு ரொக்கம் எண்ணிக் கொடுப்பார். திரும்பியதும் ரசீதுகளை விரித்துக் கணக்குக் கேட்பார். இந்நாளிலோ, டீசலுக்கென எண்ணெய் நிறுவனங்கள் தரும் அட்டைகள் பல வண்டிகளில் உள்ளன. இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராபவர், பாரத் பெட்ரோலியத்தின் ஸ்மார்ட்ஃபிலீட் போன்ற இவ்வட்டைகளில், இன்ன வண்டிக்கு இவ்வளவே என உரிமையாளர் வரம்பு கட்டிவிடலாம்.

“நம்மை நம்பாமல்தானே இவ்வரம்பு?” என ஓட்டுநர் மனம் நோவது இயல்பே. ஆயினும் சற்று நிதானித்து நோக்குக. வரம்பில்லாத பணத்தில் ஒவ்வொரு ரசீதும் ஐயத்துக்கு இடமாகிறது. வரம்பு கட்டிய பணத்திலோ, அவ்வெல்லைக்குள் செலவிடும் அதிகாரம் முன்கூட்டியே வழங்கப்பட்டுவிடுகிறது. அலுவலகங்களில் சில்லறைச் செலவுக்கு ஒரு தொகையை நிலையாக வைத்து, செலவானதை மட்டும் மாதந்தோறும் நிரப்பிவரும் பழைய முறையும் இத்தகையதே. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்ற பழமொழி கொடுப்பவருக்கு மட்டுமன்று, பெறுபவருக்கும் காப்பாகும்.

அளவில்லாத பணம் என்ன செய்யும் என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர். கங்காணிகள் ஊரிலேயே முன்பணம் கொடுத்து மக்களை மலைத்தோட்டங்களுக்கு அழைத்து வந்த காலத்தில், வழிச்செலவும் கடைப்பற்றும் தொழிலாளியின் பெயரிலேயே ஏறின. இலங்கைத் தோட்டங்களில் இக்கடன் ‘துண்டு’ எனும் சீட்டில் எழுதப்பட்டது. அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்குக் கங்காணியும் அவருடைய ஆட்களும் மாறிச் சென்றனர். கடன் வளர வளர மனிதர் கட்டுண்டனர். 1921இல் சட்டம் அச்சீட்டைத் தடுத்தது. இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தில் 1964இல் ஒரு திருத்தம் வந்தது. பிடித்தம் கூலியில் பாதிக்கு மேற்படலாகாது. கூட்டுறவுச் சங்கத்துக்குச் செலுத்துவதும் சேர்ந்தால் 75 சதவீதம் வரை செல்லலாம் என்று அது வரையறுத்தது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் பாதி என்ற எல்லையை வகுத்துள்ளது. வரம்பு உழைப்பவனைக் காக்கும் என்பதற்கு இவையே சான்று.

நிற்க. வரம்பை நிர்ணயிப்பது எவ்வாறு?

முதலாவது, கடந்த மூன்று மாதங்களின் உண்மைச் செலவைப் பார்த்தே தொகையைக் குறித்தல் வேண்டும். இரண்டாவது, டீசல், பழுதுபார்ப்பு, ஏற்றிறக்குக் கூலி ஆகியவற்றைத் தனித்தனியே வைக்க வேண்டும். சுங்கக் கட்டணம் ஃபாஸ்டேக் வழியே சென்றுவிடுவதால் அதனை இதில் கலக்க வேண்டா. ஓட்டுநரின் பேட்டாவோ அவருடைய உழைப்பின் ஊதியம். அதனைச் செலவுக் கணக்கில் சேர்ப்பது முறையன்று.

மூன்றாவது, பருவத்துக்கேற்ப வரம்பு மாற வேண்டும். ஓணத்துக்கு முன் காய்கறி வண்டிகள் பெருகும். கார்த்திகை முதல் தை பிறக்கும் வரை சபரிமலை யாத்திரிகர்களால் குமுளிப் பாதை நெரியும். நின்று நின்று செல்லும் வண்டி கூடுதல் டீசல் குடிக்கும். ஆடி மாத அளவையே அப்போதும் வைத்திருப்பது அறியாமை.

நான்காவது, எல்லாவற்றினும் இன்றியமையாதது: நள்ளிரவில் மலைப்பாதையில் வண்டி பழுதுபட்டு வரம்பு தீர்ந்துவிட்டால், உடனே அதனை உயர்த்தித் தரும் அதிகாரம் உடையவர் யார் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த தன் பணத்தையே ஓட்டுநர் எடுத்துக் கொடுப்பார். அது எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது அவருடைய உரிமை. மாத முடிவில் எஞ்சிய தொகை அடுத்த மாதத்துடன் சேருமா, நீங்குமா என்பதையும் கேட்டறிக.

இதே முறையை வீட்டிலும் கையாளலாம். பிள்ளைகள் கோவையிலோ மதுரையிலோ தங்கிப் பயில்கின்றனரா? 2024இல் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் ஏற்பாட்டில், பெற்றோர் தம் கணக்கிலிருந்து மாதம் 15,000 ரூபாய்க்கு மிகாமலும், ஒரு முறைக்கு 5,000 ரூபாய்க்கு மிகாமலும் செலவிட ஒருவருக்கு இசைவு தரலாம். இவை மேல் எல்லைகளே. உங்கள் குடும்பத்துக்கு 3,000 போதுமெனில் அதனையே குறியுங்கள். ஆனால் தொகையைப் பிள்ளையுடன் அமர்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் விதித்த வரம்பு தளையாகத் தோன்றும். இருவரும் ஒப்பிய வரம்பு உடன்படிக்கையாகும்.

முதலாளியாயினும் தந்தையாயினும் வரம்பு கட்டுபவர் அதன் காரணத்தையும் கூறக் கடமைப்பட்டவர். செலவு செய்பவர் கணக்கை மறைவின்றி வைக்கக் கடமைப்பட்டவர். இவ்விரு கடமைகளும் நிறைவேறுமாயின் பணத்தால் வரும் மனக்கசப்பில் பெரும்பகுதி நீங்கும். அடுத்த மாதச் செலவு தொடங்குமுன், உங்கள் இல்லத்திலும் தொழிலிடத்திலும் இப்பேச்சு ஒரு நாழிகையேனும் நிகழட்டும்.