தங்கத் துகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாதோ?

தண்ணீரில் இருக்கும் நச்சு உலோகத்தை நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் நானோ உணரிகள் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. பலவும் ஒரே மாதிரிதான். முதல் பத்தியில் பங்களாதேஷ் கிராமத்து ஏழைகள் வருவார்கள், ஆர்செனிக் வரும். கடைசிப் பத்தியில் அந்த ஏழைகளைக் காணோம்! "இதுவரை வந்ததைவிடக் குறைந்த அளவையும் கண்டுபிடிக்கும்" என்ற பெருமை மட்டும் இருக்கும்.

சங்கதி அழகானதுதான், மறுப்பதற்கில்லை. சுமார் 13 நானோமீட்டர் தங்கத் துகள்கள் தனித்தனியாக மிதந்தால் கரைசல் சிவப்பு. உலோக அயனி வந்து அவற்றை ஒட்டவைத்தால் நீலம். கண்ணால் பார்த்தாலே போதும்.

ஆனால் உப்பும் இதே வேலையைச் செய்யுமே! சிட்ரேட் பூசிய தங்கத் துகளில் சமையல் உப்பைப் போட்டாலே நீலமாகிவிடும். கிணற்றுத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. பங்களாதேஷில் கூடவே இரும்பும் பாஸ்பேட்டும். அதை விட்டுவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் தானே அளந்து ஊற்றிய ஆர்செனிக்கைத் தானே கண்டுபிடிப்பதில் என்ன சாமர்த்தியம்? நிஜக் கிணற்று நீரை எடுப்பவர்களும் பெரும்பாலும் அதில் உலோகத்தைக் கலந்துதான் சோதிக்கிறார்கள்.

களத்தில் நிலவரம் வேறு. குளத்து நீரின் கிருமிகளுக்குப் பயந்து 1970களிலிருந்து தோண்டிய குழாய்க் கிணறுகளில் 1993ல் ஆர்செனிக் தெரியவந்தது. பிறகு லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 10. சோதனை பழைய முறைதான்: ஆர்செனிக்கை வாயுவாக்கி, மெர்குரிக் புரோமைடு தாளில் விழும் கறையைக் கண்ணால் ஒப்பிடுவது. எல்லைக்குப் பக்கத்தில் கறை ஏமாற்றிவிடும். தவறாகப் பச்சை அடித்த கிணற்றில் ஒரு குடும்பமே வருஷக்கணக்கில் விஷம் குடிக்கும்.

ஆக, 0.01 மைக்ரோகிராமைக் கண்டுபிடிக்கும் உணரியை அங்கே யாரும் கேட்கவில்லை. 10க்கு மேலா கீழா, 50க்கு மேலா கீழா என்று தப்பாமல் சொன்னால் போதும்!

அடிப்படை ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். நியாயம்தான். அப்படியென்றால் அடிப்படை ஆராய்ச்சி என்றே எழுதட்டும், ஏழையை எதற்கு இழுக்க வேண்டும்? இழுத்தால் கணக்கும் காட்ட வேண்டும். நூறு நிஜக் கிணறுகளில், வெயிலில் ஆறு மாதம் கிடந்த அந்தக் கரைசலை ஊற்றி, ஆய்வகக் கருவியின் முடிவோடு ஒப்பிட்டு, எத்தனை கிணற்றுக்குத் தவறாகப் பச்சை காட்டியது என்ற எண்ணை முதல் பக்கத்திலேயே போடட்டும். போடாத கட்டுரையில் பங்களாதேஷ் பெயரை எடிட்டர்கள் அடித்துவிடலாம்.