சமமானவனோடு சமமானவனை மோதவிடும் சந்தை

சீட்டாட்டம் என்றாலே எங்கள் வீட்டில் முகம் சுளிப்போம். 304 ஆடி மாலைப் பொழுதையும் மடியிலிருந்த காசையும் தொலைத்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே இளைய மகன் கணனியில் சீட்டு ஆடுகிறான் என்று அவனது உம்மா முறையிட்டபோது, கடை பூட்டிவிட்டு வந்த களைப்போடு அவனருகே கதிரையைப் போட்டு அமர்ந்தேன். கண்டிப்பதற்காக அமர்ந்தவன் இரவு பதினொரு மணிவரை எழும்பவில்லை. அந்த விளையாட்டில் நான் மயங்கிவிட்டதாக எவரும் எண்ண வேண்டாம். அதன் பின்னால் இருந்த வியாபார மூளைதான் என்னை உட்கார வைத்தது.

விளையாட்டின் பெயர் ஹார்த்ஸ்டோன். அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பனி 2014ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்டது. விளையாட வருபவரிடம் பணம் கேட்பதில்லை. ஆளுக்கு 30 சீட்டுக்கள். உலகின் எந்த மூலையிலோ இருக்கும் முகமறியாத ஒருவரோடு மோத வேண்டும். மகன் அன்று அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களில் தோற்றான். “இவ்வளவு தோற்றும் ஏன் விடமாட்டாய் என்கிறாய்?” என்று கேட்டேன். “அவரும் என்னைப் போலதான் வாப்பா. அடுத்த முறை நான் வெல்லலாம்” என்றான்.

முப்பது வருடமாக மொத்த வியாபாரம் செய்யும் எனக்கு அந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. காரணத்தைப் பின்னர் சொல்கிறேன்.

ஆட்களைப் பொருத்துகின்ற இந்தக் கலை கணனியோடு பிறந்ததல்ல. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக இருந்த ஆர்பாட் எலோ என்பவர் சதுரங்க ஆட்டக்காரர்களுக்காக ஒரு புள்ளிக் கணக்கை வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் அதனை 1960 இலும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970 இலும் ஏற்றுக்கொண்டன. இருவருக்கிடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் நான்கு ஆட்டங்களில் ஏறக்குறைய மூன்றின் பலனைப் பெறுவார் என்று அந்தக் கணக்கு கூறும். பலவீனமானவரை வென்றால் சிறிதளவு புள்ளியும், பலசாலியை வென்றால் அதிக புள்ளியும் கிடைக்கும். இன்றைய இணைய விளையாட்டுக்கள் பலவற்றின் பொருத்தும் கணக்கு அந்த வழியில் வந்ததுதான்.

ஹார்த்ஸ்டோன் தொடங்கிய காலத்தில் 25 படிகள் கொண்ட ஒரு ஏணி இருந்தது. அதன் உச்சிக்கு லெஜண்ட் என்று பெயர். மாதம் பிறந்ததும் எல்லோரையும் கீழே இறக்கிவிடுவார்கள். விளைவு என்ன? மாதத்தின் முதல் நாட்களில் உச்சியில் இருந்தவர்களும் கீழ்ப் படிகளில் நிற்பார்கள். நேற்று வந்த பொடியன் அவர்களிடம் அகப்பட்டு அடி வாங்குவான். இரண்டு மூன்று மாதம் இப்படி வாங்கியவன் திரும்பி வருவானா?

கம்பனி இதனைக் கவனித்தது. 2018 இல் புதியவர்களுக்கென்று 50 முதல் 26 வரை 25 தனிப் படிகளை அமைத்து, பழையவர்களிடமிருந்து அவர்களைப் பிரித்து வைத்தது. 2020 ஏப்ரலில் ஏணியையே மாற்றியது. வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என ஐந்து பிரிவுகள். ஒவ்வொன்றிலும் பத்துப் படிகள், ஒவ்வொரு படிக்கும் மூன்று நட்சத்திரங்கள். ஒவ்வொரு பிரிவிலும் பத்தாம் படியையும் ஐந்தாம் படியையும் எட்டியவர் எத்தனை முறை தோற்றாலும் அந்த மாதம் அதற்குக் கீழே விழமாட்டார்.

மாதப் பிறப்பில் எல்லோரும் வெண்கலத்தின் அடிக்கே வர வேண்டும் என்ற விதி நீடித்தது. ஆனால் கடந்த மாதம் நன்றாக ஆடியவருக்கு ஒரு வெற்றிக்குப் பல நட்சத்திரங்கள், ஆகக்கூடியது பதினொன்று, என்று சலுகை கொடுத்தார்கள். அந்தச் சலுகை இருக்கும்வரை கண்ணுக்குத் தெரியும் படியைப் பார்த்து எதிராளியைப் பொருத்துவதில்லை. கம்பனி இரகசியமாக வைத்திருக்கும் திறமைக் கணக்கைப் பார்த்தே பொருத்தினார்கள். சலுகை தீர்ந்த பின்னரே படி பார்த்துப் பொருத்தல். ஆக, அடியில் எல்லோரும் கூடி நின்றாலும் சிங்கம் சிங்கத்தோடும் ஆடு ஆட்டோடும்தான் மோதின.

இப்போது எனது கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஊர் இளைஞர் ஒருவர் சிறிய பிளாஸ்டிக் சாமான் கடை திறந்து என்னிடம் சரக்குக் கேட்டு வந்தார். இருபது வருட வாடிக்கையாளருக்கு என்ன நிபந்தனையோ அதனையே அவருக்கும் விதித்தேன். அதே அளவு ஓர்டர், அதே 45 நாள் தவணை, அதே பின்திகதியிட்ட காசோலை. எல்லோருக்கும் ஒரே நீதி என்று பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன். இரண்டாவது காசோலை திரும்பியது. மூன்றாவதும் திரும்பியது. சரக்கைத் தூக்கி வந்தேன். கடை மூடப்பட்டது. எனது பணத்தில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டேன். ஆனால் இருபது வருடம் என்னிடம் வாங்கியிருக்கக்கூடிய ஒரு வாடிக்கையாளரை ஆறு மாதத்தில் அழித்துவிட்டேன்.

எல்லோருக்கும் ஒரே நிபந்தனை என்பது நீதியல்ல என்பதை ஒரு விளையாட்டுக் கம்பனி விளங்கி வைத்திருக்கிறது. நாம் விளங்கவில்லை. புதியவருக்குச் சிறிய ஓர்டரும் குறுகிய தவணையும் கொடுத்து, அவர் ஒழுங்காகக் கட்டக் கட்ட உயர்த்தலாம். பல வருடம் நாணயமாக நடந்தவர் ஒரு மாதம் சறுக்கினால் அடிமட்டத்துக்குத் தள்ளாமல் ஒரு படியில் தாங்கிப் பிடிக்கலாம். கடையின் வெளிச்சத்தையும் வாகனத்தையும் பார்த்துக் கடன் கொடுக்காமல், கொடுக்கல் வாங்கலைக் குறித்து வைத்த கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கொடுக்கலாம். அந்தக் கம்பனி செய்வதும் இதுதான். படி ஊருக்குக் காட்டுவதற்கு. கணக்கு தீர்மானிப்பதற்கு.

ஆனால் இந்த வியாபாரத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதனைச் சொல்லாவிட்டால் வாசகர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். திறமைக்கேற்ற எதிராளி கிடைத்துக்கொண்டே இருந்தால் எவரும் ஏறத்தாழ பாதி வெற்றி, பாதி தோல்வியோடுதான் நிற்பார். நாம் முன்னேற எதிராளியும் முன்னேறியவராக வருவார். அப்படியானால் மேலே ஏற வழி? இன்னும் நல்ல சீட்டுக்கள் வேண்டும். பணம் புரள்வது அங்கேதான்.

சீட்டுக்கள் ஐந்து ஐந்தாக மூடிய பொதியில் வருகின்றன. உள்ளே இருப்பது திறந்த பின்னரே தெரியும். ஆக உயர்ந்த ரகச் சீட்டு ஒன்றைத் தேவையில்லை என்று அழித்தால் 400 துகள் கிடைக்கும். அதே ரகத்தில் ஒன்றைச் செய்துகொள்ள 1600 துகள் வேண்டும். சாதாரணச் சீட்டை அழித்தால் 5, செய்ய 40. அதாவது வாங்கும் விலை விற்கும் விலையில் காற்பங்கு, சில இடங்களில் எட்டில் ஒரு பங்கு. இன்னொருவருக்கு விற்கவோ மாற்றவோ முடியாது. 2016 முதல் பிரதான ஆட்ட முறையில் பழைய சீட்டுக்களை வருடாவருடம் ஒதுக்கியும் விடுகிறார்கள். விற்பவர் ஒருவர், திருப்பி வாங்குபவரும் அவரே, சரக்கு எப்போது காலாவதியாகும் என்று தீர்மானிப்பவரும் அவரே. இப்படியொரு சந்தையில் சரக்கு வாங்கி அடுக்குவீர்களா என்று எந்த வியாபாரியிடமும் கேட்டுப் பாருங்கள்.

மூடிய பொதியை வாங்குவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். அரசாங்கங்களே இதைப் பற்றி யோசிக்கத் தொடங்கி வருடங்களாகின்றன. இத்தகைய பொதிகளில் எது கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை வெளியிட வேண்டும் என்ற சீனாவின் கட்டளை 2017 இல் நடைமுறைக்கு வந்தது. சில விளையாட்டுக்களின் பணப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருவதாக பெல்ஜியம் 2018 இல் அறிவித்தது.

மகனிடம் விளையாடாதே என்று நான் சொல்லவில்லை. நேரத்துக்கு அளவு வைத்தேன். பொதிக்குப் பணம் கட்டுவதில்லை என்று பேசி முடித்தோம். 400க்கும் 1600க்கும் இடையிலான கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவனே சிரித்துவிட்டான். பிள்ளைகளுக்குக் கடனட்டையைக் கொடுத்துவிட்டுக் கடையில் இருக்கும் பெற்றோர் அந்தக் கணக்கை ஒருமுறை தங்கள் பிள்ளைகளோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

எனது கடை மூடவைத்த அந்த இளைஞர் இப்போது வேறொருவரின் கடையில் கணக்கெழுதுகிறார். சென்ற மாதம் அவரைச் சந்தித்துப் பேசினேன். மீண்டும் தொடங்க விருப்பமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். இம்முறை சின்ன ஓர்டர், பதினைந்து நாள் தவணை, காசோலை வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன். உங்கள் கடன் புத்தகத்திலும் அப்படி ஒரு பெயர் கோடிடப்பட்டுக் கிடக்கக்கூடும். ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.